ரெண்டாவது ட்ரே

வாங்க வாங்க. டிவி ஓடல, நெட்டு வரல, வெளில மழை, வியூ பாயின்ட்ல போய் நின்னா பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சியே தெரியல. எல்லாம் போன பிறகுதான் சமையல்காரன் ஞாபகம் வருது, இல்ல? பரவால்ல, உட்காருங்க. அந்த முக்காலி கொஞ்சம் ஆடும். உங்க நாலு பேர்ல வெயிட்டான ஆள் அதுல உட்காராதீங்க. யாருன்னு நான் சொல்லல. அவரே எந்திரிச்சுட்டாரு பாருங்க.

நாலு பேரும் கம்ப்யூட்டர்ல வேலை பார்க்கறீங்க, மெட்ராஸ்ல இருந்து ஏற்காடு வரைக்கும் மேப் பார்த்தே வந்துட்டீங்க, ஒரு வெங்காயம் உரிங்கன்னா கண்ணாடி அண்ணன் யூட்யூப்ல தேடறாரு. நெட்டு இல்ல தலைவா. கையாலயே உரிங்க. தோல் வெளில இருக்கும், வெங்காயம் உள்ள இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

சரி, முதல்ல ஒண்ணு கேட்கணும். முட்டை சாப்பிடாதவங்க யாரு? புரட்டாசி நடக்குது. கையைத் தூக்குங்க, வெட்கப்பட ஒண்ணுமில்ல. நீங்க ஒருத்தங்கதானா? பேரு? சங்கவி. சரிங்க சங்கவி, உங்களுக்குத் தனி ட்ரே. இந்தா பாருங்க, பிளாஸ்டர் ஒட்டி எழுதறேன். 'முட்டை இல்லை. சங்கவி.' அடில ஒண்ணு, மூடி மேல ஒண்ணு. சிரிக்காதீங்க. எங்க ஓனரம்மாவும் இப்படித்தான் சிரிப்பாங்க, ஏன்டா இது என்ன ரத்தப் பரிசோதனை பாட்டிலான்னு. நான் ஒட்டுவேன். எங்கிட்ட வேற எந்த ஒழுக்கமும் கிடையாது. இது ஒண்ணு உண்டு.

காஸரோல்னு மெனு கார்டுல போட்டிருக்கு பார்த்தீங்களா? போன வாரம் ஒரு சேலத்து ஃபேமிலி, 'தம்பி, காஸரோல்னு எழுதியிருக்கு, சப்பாத்தி வைக்கிற டப்பாவையா தின்னச் சொல்றீங்க'ன்னு கேட்டாங்க. நியாயம்தானே. நான் இதை மெத்தைன்னு சொல்வேன். நாங்க வச்ச பேரு. பழைய ப்ரெட்டைப் பிச்சுப் போட்டு, மேல வெங்காயம் குடைமிளகாய் காளான் வதக்கிப் போட்டு, மறுபடி ப்ரெட்டு, மேல முட்டையும் பாலும் அடிச்சு ஊத்தி, மூடி ஃபிரிட்ஜ்ல வச்சுடணும். சனிக்கிழமை சாயந்திரம் வச்சா ஞாயித்துக்கிழமை காலைல நல்லா ஊறி உப்பி நிக்கும். பத்து மணிக்கு எந்திரிச்சு ஓவன்ல தள்ளினா பதினொரு மணிக்கு சாப்பாடு. காலைச் சாப்பாடும் அதான், மத்தியானச் சாப்பாடும் அதான். சோம்பேறிங்க கண்டுபிடிச்சது. அதனாலதான் எனக்கு நல்லா வருது.

புது ப்ரெட் வேண்டாம்ணே, அந்தப் பாக்கெட்டை வைங்க. பழசுதான் வேணும். புதுசு பாலைக் குடிச்சதும் கூழாயிடும். ரெண்டு நாள் காய்ஞ்சதுதான் எவ்வளவு குடிச்சாலும் நிக்கும். ஆமா, நம்ம ஆளுங்க சில பேரு மாதிரி.

நானா? நான் மெக்கானிக்கல் படிச்சேன். படிச்சேன்னா, மூணாவது வருஷம் வரைக்கும் காலேஜுக்குப் போனேன். பதினோரு அரியர். பிரின்சிபால் எங்க அப்பாவைக் கூப்பிட்டு, 'உங்க பையனுக்கு வேற ஏதாவது பிடிக்குமா'ன்னு கேட்டாரு. எங்க அப்பா ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, 'நல்லா பேசுவான் சார்'னாரு. அத்தோட படிப்பு முடிஞ்சுது. அப்புறம் செல்போன் கடை, ஜூஸ் கடை, பைக்ல சாப்பாடு கொண்டு போறது, ஒரு கல்யாண மண்டபத்துல லைட்டு பார்க்கறது. எங்கயும் ஆறு மாசம் தாண்டினதில்ல. இங்கதான் எட்டு மாசம். ஓனரம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால ஓடுது.

இதுக்கு முன்னாடி கோயமுத்தூர்ல இருந்தேன். சரவணம்பட்டி. ரெண்டு ரூம் வீடு, நாங்க மூணு பேரு. காலேஜ் செட்டுதான். ஷாஜகான் ஒருத்தன், நரசிம்மன் ஒருத்தன், நான். அவங்க ரெண்டு பேரும் பாஸ் பண்ணி வேலைக்குப் போறவங்க. நான் வீட்டைப் பார்த்துக்கறவன். கதவைத் திறந்து விடறது, தண்ணி கேன் வாங்கி வைக்கிறது. ஷாஜகான் வீட்டுக்குப் போன் பண்ணா அவங்க அம்மா என்னைத்தான் முதல்ல கேட்பாங்க, 'குகன் தம்பி சாப்பிட்டியா'ன்னு. பெத்த புள்ள பக்கத்துல நின்னுட்டிருப்பான்.

ஷாஜகான் அக்கா கல்யாணத்துக்கு மூணு ஓவன் கிஃப்டா வந்துச்சு. ஒரே மாதிரி மூணு. அதுல ஒண்ணை எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தான். அதோட ஒரு கண்ணாடி ட்ரே வந்துச்சு. எங்க வீட்லயே உருப்படியான பாத்திரம்னா அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் அடி நெளிஞ்ச அலுமினியம்.

முட்டை நரசிம்மன் உபயம். அவன் நாமக்கல்காரன். அவங்க அப்பா கோழிப் பண்ணைல சூப்பர்வைசர். ஊருக்குப் போய்ட்டு வந்தா ரெண்டு அட்டை முட்டை, அறுபது முட்டை, மடில குழந்தை மாதிரி வச்சுட்டு பஸ்ல நாலு மணி நேரம் வருவான். ஒண்ணு கூட உடையாது. உடைஞ்சா மூஞ்சி தொங்கிடும். முட்டையைக் கைல வாங்கினாலே எத்தனை நாள் முட்டைன்னு சொல்லுவான். நான் பந்தயம் கட்டித் தோத்திருக்கேன்.

ஓவனும் வந்துச்சு, முட்டையும் வந்துச்சு, எனக்கு வேலையும் இல்ல. மெத்தை பொறந்துச்சு. ஞாயித்துக்கிழமை பதினொரு மணி. மூணு பேரும் தரைல உட்கார்ந்து ட்ரேயை நடுவுல வச்சு ஸ்பூன் போட்டுச் சாப்பிடுவோம். பிளேட்டெல்லாம் கிடையாது. கோடு போட்டு மூணா பிரிச்சுக்குவோம். ஷாஜகான் எல்லை தாண்டுவான், அதுக்கு ஒரு சண்டை. வாரம் பூரா அவங்க ஆபீஸ் கதை, மேனேஜர் கதை. எங்கிட்ட கதையே இருக்காது, நான் கட்டி விடுவேன். கீழ் வீட்டு நாய்க்கு லவ் ஃபெயிலியர்னு ஒண்ணு ரெண்டு மாசம் தொடர்ந்து ஓட்டினேன். நரசிம்மன் சிரிச்சா சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அந்தத் தோள் குலுங்கறதைப் பார்க்கறதுக்கே நான் செவ்வாக்கிழமைல இருந்து ஜோக் சேர்த்து வைப்பேன்.

மிளகுத் தூளை இங்க தள்ளுங்க. ம். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடுங்க, முழுசா போட்டா உங்க கூட்டத்துல பாதிப்பேர் ஓரமா எடுத்து வச்சுடுவீங்க.

போன வருஷம் புரட்டாசி வந்துச்சு. நரசிம்மனோட அக்கா மாசமா இருந்தாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்கல. மூணாவது இது. அதனால இவன் பெருமாளுக்கு வேண்டிக்கிட்டான். புரட்டாசி மாசம் பூரா கறி கிடையாது, முட்டை கிடையாது, கடைச் சாப்பாடு கிடையாது, சனிக்கிழமையானா செருப்பு கிடையாது. நான் சொன்னேன், 'டேய், நாமக்கல்காரன் முட்டையை விட்டா ஊர்ல கோழியெல்லாம் ஸ்ட்ரைக் பண்ணும்டா'ன்னு. சிரிச்சான். ஆனா விடல. அட்டை மட்டும் வந்துச்சு. 'நான் தொடமாட்டேன், நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்கடா. புரட்டாசில முட்டை விலை இல்லாம கிடக்குது'ன்னு கொண்டாந்து வச்சான்.

ஆனா யாரு சாப்பிடறது? சனிக்கிழமை ஊருக்குக் கோயிலுக்குப் போய்டுவான், ஞாயித்துக்கிழமை அக்காவைப் பார்த்துட்டு சாயந்திரம்தான் வருவான். ஷாஜகானுக்கு அந்த மாசம் பார்த்து ஞாயித்துக்கிழமை ஷிஃப்டு. நான் பாட்டுக்கு சனிக்கிழமை மெத்தை போட்டு வைப்பேன். ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு ட்ரேயை நடுவுல வச்சு உட்காருவேன். கோடு போடுவேன், பழக்கம். எம் பங்கை மட்டும் சாப்பிட்டுட்டு மத்த ரெண்டு பங்கை மூடி வைப்பேன். சாயந்திரம் ஒருத்தன் சாப்பிடக் கூடாதும்பான், இன்னொருத்தன் ஆபீஸ்லயே சாப்பிட்டேன்பான். திங்கக்கிழமையும் நான்தான் திம்பேன். தனியா சாப்பிட்டா ஜோக் அடிக்க முடியாது பாருங்க. சொல்றதும் நானே சிரிக்கறதும் நானேன்னா, பக்கத்து வீட்ல ஆளைக் கூப்பிடுவாங்க.

மூணு வாரம் அப்படிப் போச்சு. நாலாவது வாரம் ரெண்டு பேரும் வீட்ல இருந்தாங்க. அக்காவுக்கு டாக்டர்கிட்ட போற வேலை இருந்ததால நரசிம்மன் வெள்ளிக்கிழமையே போய்ட்டு சனிக்கிழமை ராத்திரி வந்துட்டான். ஷாஜகானுக்கு லீவு. எனக்குத் தீபாவளி மாதிரி இருந்துச்சு.

இப்பதான் கவனமா கேளுங்க. இதுலதான் எல்லாரும் எம்மேல பழி போடுவாங்க. நான் சனிக்கிழமை சாயந்திரம் ரெண்டு ட்ரே போட்டு வச்சேன். ஒண்ணு முட்டை போட்டது. இன்னொண்ணு நரசிம்மனுக்கு, முட்டை இல்லாதது. கடலை மாவும் தயிரும் பாலும் கரைச்சு ஊத்தினா அச்சு அசல் முட்டை மாதிரியே கெட்டியா நிக்கும், நிறமும் அதேதான். இந்தா, இப்ப சங்கவிக்குக் கரைக்கிறேன் பாருங்க. மஞ்சளா இருக்கா? மேல சீஸ் தூவிட்டா எங்க அப்பாவே வந்தாலும் எது எதுன்னு சொல்ல முடியாது. காலைல தூக்கக் கலக்கத்துல ஃபிரிட்ஜ்ல கை விட்டு ஒண்ணை எடுத்தேன். ஓவன்ல வச்சேன். ட்ரே மாறிப் போச்சு. அவ்வளவுதான். நடக்கிறதுதானே? பிளாஸ்டர் ஒட்டாத குத்தம்.

அவன் கேட்கல, நான் சொல்லல. சாப்பிட்டான். ரெண்டு பங்கு சாப்பிட்டான். ஒரு மாசமா தயிர் சாதமும் ஊறுகாயும் தின்னவன். நான் நாய் கதையோட அடுத்த பாகத்தை ஆரம்பிச்சேன், தோளு குலுங்குச்சு. அப்பதான் ஷாஜகான் பல்லுல என்னமோ நறுக்குன்னுச்சு. விரலை விட்டு எடுத்தான். முட்டை ஓடு. சின்னத் துண்டு, நகத்தளவு. ட்ரே விளிம்புல வச்சான்.

நாமக்கல்காரனுக்கு முட்டை ஓட்டைக் காட்டி இது என்னன்னு சொல்லணுமா? பார்த்துட்டே இருந்தான்.

அந்த நேரத்துல நான் ஒண்ணு சொன்னேன். பழக்கதோஷம். 'எத்தனை நாள் முட்டைன்னு சொல்லுடா பார்க்கலாம்'னேன். ஷாஜகான் கூட சிரிக்கல.

நரசிம்மன் எந்திரிச்சு வாஷ்பேசினுக்குப் போனான். வாய் கொப்பளிச்சான். கொப்பளிச்சான், கொப்பளிச்சான், கொப்பளிச்சுட்டே இருந்தான். அப்புறம் போய் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தான். ஈரத்தலையோட அவன் ஸ்பூனை எடுத்துக் கழுவித் துடைச்சு, இருந்த இடத்துலயே வச்சான். நான் 'ட்ரே மாறிடுச்சுடா மச்சான், சத்தியமா தெரியாம நடந்துடுச்சு'ன்னேன். அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'பரவால்லடா. தெரியாமத்தானே. பெருமாளுக்குத் தெரியும்'னான். அவன் வாயாலயே சொன்னான். நல்லா கேட்டுக்கங்க, பரவால்லன்னு சொன்னான்.

சொன்னவன் மூணு நாள்ல பெட்டியைக் கட்டிட்டான். ஆபீஸ் பக்கத்துல பேயிங் கெஸ்ட்டா போய்ட்டான். அடுத்த மாசம் ஷாஜகானும் மாத்தல் வாங்கிட்டு பெங்களூர் போய்ட்டான், ஓவனை விட்டுட்டு. ரெண்டு ரூம் வீட்ல ஒருத்தன் இருந்தா என்ன பண்ணுவான்? ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்கு விருந்தாளியா போவேன். நானே கதவைத் தட்டுவேன். கீழ் வீட்டு நாய் நெஜமாவே என்னைப் பார்த்துப் பரிதாபப்பட ஆரம்பிச்சப்பதான் இங்க வந்தேன்.

தை மாசம் அவங்க அக்காவுக்குக் குழந்தை பொறந்துச்சு. பொண்ணு. மூணு கிலோ. நல்லா இருக்கு. பாருங்க, ஒண்ணும் ஆகல. நான் இதைத்தான் கேட்கறேன். ஒண்ணும் ஆகல இல்ல? பேரு வைக்கிற விசேஷத்துக்கு காலேஜ் செட்டே போயிருக்கு. என்னைக் கூப்பிடல. ஒருத்தன் ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தான், அதுல பார்த்தேன். நரசிம்மன் அந்தக் குழந்தையைக் கைல வச்சிருக்கான், பஸ்ல முட்டை அட்டையை வச்சிருப்பான்ல, அதே மாதிரி. உடைஞ்சிடும்னு பயந்துட்டு.

இங்க வந்த பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மெத்தை போட்டு முடிச்சதும் போட்டோ எடுப்பேன். மேல வளைவுல ஒரு டீக்கடை இருக்கு, அங்கதான் சிக்னல் வரும். நடந்து போய் அவனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புவேன். ஒத்தை டிக்தான் விழும், பிளாக் பண்ணிட்டான். அவன் போட்டோ இருந்த இடத்துல வெள்ளையா ஒரு தலை. எட்டு மாசமா அந்த வெள்ளைத் தலைக்கு நான் மெத்தை அனுப்பிட்டிருக்கேன். முப்பது போட்டோவுக்கு மேல இருக்கும். ஒரு ட்ரே மாறினதுக்கு இவ்வளவா? நீங்களே சொல்லுங்க. தெரியாம நடந்ததுக்கு ஒருத்தன் இப்படிப் பண்ணுவானா?

அண்ணே, கையை நல்லா கழுவிட்டு இதை லேசா அமுக்கி விடுங்க. பால் மேல வரணும். அவ்வளவுதான். மூடிடுங்க.

என்ன சங்கவி? ரொம்ப நேரமா ஏதோ கேட்க வர்றீங்க. கேளுங்க.

மத்த ட்ரே என்னாச்சா?

எந்த மத்த ட்ரே?

ஓ. முட்டை இல்லாதது. அது... ஃபிரிட்ஜ்லதான் இருந்திருக்கும். அப்புறமா சாப்பிட்டிருப்போம். கண்ணாடி அண்ணே, இந்த சங்கவிக்கு ஆபீஸ்ல என்ன வேலை? டெஸ்டிங்கா. நெனச்சேன். உங்ககிட்ட மாட்டின புரோகிராம் எல்லாம் பாவம்.

ஆமா. ஓவனோட வந்தது ஒரே ட்ரேன்னு நானேதான் சொன்னேன். கொஞ்ச நேரம் முன்னாடிதான் சொன்னேன். நல்லா கேட்டிருக்கீங்க.

ஷாஜகானும் இதையேதான் கேட்டான். அன்னிக்கு மத்தியானம். 'இவன் கொப்பளிச்சதோட சரி, ஒண்ணும் சாப்பிடல. அந்த இன்னொரு ட்ரே இருக்குல்ல, அதையாவது சூடு பண்ணிக் கொடுடா'ன்னு ஃபிரிட்ஜைத் திறந்தான். நல்லதுக்குத்தான் திறந்தான். உள்ள தண்ணி பாட்டில் ரெண்டு, பாதி எலுமிச்சம்பழம், ஒரு முட்டை அட்டை. அட்டைல எட்டுக் குழி காலி. வேற ஒண்ணுமில்ல. கடலை மாவு அந்த வீட்டுக்கு வந்ததே கிடையாது. நான் அதை இங்க வந்துதான் கத்துக்கிட்டேன்.

ஷாஜகான் கதவை மூடவே இல்ல. ஃபிரிட்ஜ் லைட்டு எரிஞ்சுட்டே இருந்துச்சு. 'எனக்கு நோம்பு வந்தா, நோம்பு திறக்கற தண்ணில எனக்கும் எதையாவது கலந்து கொடுப்பியாடா'ன்னு கேட்டான். நரசிம்மன் திட்டுவான்னு நெனச்சேன். திட்டியிருந்தா சமாளிச்சிருப்பேன். 'ஏன்டா'ன்னான். அவ்வளவுதான் கேட்டான். அதுக்கும் நான் ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக்னு மட்டும் கேட்காதீங்க.

அக்காவுக்கு அப்ப ஆறாவது மாசம். தை வரைக்கும் எத்தனை நாள்னு நான் அப்பெல்லாம் நெனச்சுப் பார்க்கல. ஒவ்வொரு தடவை வீட்ல இருந்து போன் வரும்போதும் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பதான், இந்த பிளாஸ்டரை ஒட்டும்போதெல்லாம் வருது.

சரி, எல்லாரும் எந்திரிங்க. இது ரெண்டையும் உள்ள வைக்கணும். சங்கவி, உங்களது மேல் தட்டுல, பேரு தெரியற மாதிரி. காலைல நீங்களே வந்து பார்த்து எடுத்துக் கொடுங்க. என்னை நம்பாதீங்க.

அன்னிக்கு ரெண்டாவது ட்ரே இல்லீங்க. ஒண்ணுதான் செஞ்சேன், எட்டு முட்டை உடைச்சு. மூணு ஞாயித்துக்கிழமை தனியா தின்னுட்டேன், நாலாவதுக்கு அவன் எதிர்ல உட்காரணும்னு இருந்துச்சு. வாயில வைக்கறதுக்கு முன்னாடி அவன் கேட்டான். ரெண்டு தடவை கேட்டான், 'முட்டை இல்லல்லடா'ன்னு. இல்லடா, உனக்காகவே தனியா செஞ்சேன்னு சொன்னேன்.